பால்பல்லுக்குப் பத்து வருட வேலை

திருச்சியின் பொன்மலைக்குக் கிழக்கே, தஞ்சாவூர்ச் சாலையில் காட்டூரை ஒட்டினாற்போல இருக்கிறது பாப்பாக்குறிச்சி. 1982 ஜூலை 1ஆம் தேதி முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த ஊர் அது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட திட்டம் என்றே பலரும் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத, இரண்டிலிருந்து ஐந்து வயது வரையுள்ள பால்வாடிக் குழந்தைகளும் முதல் நாளிலிருந்தே அதில் சேர்த்தி. கிராமங்களில் தொடங்கிய திட்டம் அதே ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி நகரங்களுக்கும் வந்தது. அந்த எண்பதுகளில் சத்துணவுப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இன்னொன்றும் இலவசமாகக் கொடுத்தது: பற்பொடி.

சோறு நிலைத்தது. முட்டை சேர்ந்தது. தொடக்கப் பள்ளிகளில் 2022 முதல் காலை உணவும் வந்துவிட்டது. பற்பொடி மட்டும் போன இடம் தெரியவில்லை. சாப்பாடு போடுகிற இடத்திலேயே பல்லையும் கவனிக்க வேண்டும் என்று அன்றைக்கு யாருக்கோ தோன்றியது மிகச் சரியான எண்ணம். அதை முழுதாக்காமல் விட்டுவிட்டோம். பொட்டலத்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் மூன்று வயதுப் பிள்ளை என்ன செய்யும்? பழக்கம் பொட்டலத்தில் வருவதில்லை. அது வருகிற வழி வேறு. அந்த வழியைப் பற்றி இன்றைக்கு நமக்கு எவ்வளவோ தெரியும்.

முதலில் நிலவரம். இந்தியப் பல் மருத்துவ மன்றம் 2002–03இல் நாடு முழுவதும் எடுத்த வாய்நலக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குச் சொத்தைப்பல் இருந்தது. ஐந்து வயதில் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு பல்கூட விழுந்திருக்காது. இருபதும் பால்பல், முளைத்துச் சில வருடமே ஆனவை. அதற்குள் பாதிப் பேருக்கு அரித்துவிட்டது.

“விழுந்து முளைக்கிற பல்தானே, போனா போகுது” என்பது படிக்காத வீட்டிலும் கேட்கிற பேச்சு, படித்த வீட்டிலும் கேட்கிற பேச்சு. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பேச்சு நிற்காது. குழந்தைக்கு ஆறு மாதத்தை ஒட்டிக் கீழ்வரிசை முன்பல் முளைக்கிறது. இரண்டரை, மூன்று வயதுக்குள் மேலே பத்து, கீழே பத்து என்று எல்லாம் வந்துவிடும். முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழத் தொடங்கும். பெரியவர்களின் நினைவில் தங்குவது இந்தப் பொக்கைவாய்ப் பருவம்தான். ஆனால் கடைவாய்ப் பால்பற்கள் விழ ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரை ஆகும். இரண்டு வயதில் முளைத்த கடைவாய்ப் பல் ஒன்பது பத்து வருடம் சோறு மென்றாக வேண்டும். தொடக்கப் பள்ளிக் காலம் முழுவதும் பிள்ளை சாப்பிடுவது அந்தப் பல்லை வைத்துத்தான். நான்கு வயதில் அது குழிந்துபோனால், மிச்சமிருக்கும் ஆறேழு வருடமும் ஒரு பக்கமாக மெல்லுகிற, இரவில் அழுதுகொண்டே எழுகிற, எதைக் கொடுத்தாலும் குழைத்துக் கொடு என்கிற பிள்ளையாக அது வளரும். எடை கூடவில்லை என்று சத்துமாவை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் வாய்க்குள் பார்ப்பதில்லை.

பால்பல் இன்னொரு வேலையும் செய்கிறது. அடியில் வளர்ந்துகொண்டிருக்கும் நிலைப்பல்லுக்கு அது இடம் பிடித்து வைக்கிறது. கடைவாய்ப் பால்பல்லை முன்கூட்டியே பிடுங்க நேர்ந்தால், பின்னால் முளைக்கும் பல் முன்பக்கமாகச் சாய்ந்து வந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். பிறகு வரவேண்டிய பல் வழியில்லாமல் கோணலாக வரும். பால்பல்லின் வேரில் சீழ் கட்டினால் அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லின் எனாமலும் கெடலாம்.

இங்கே பெற்றோர் பலருக்கும் தெரியாத ஒரு சங்கதி உண்டு. ஆறு வயதில் முளைக்கும் முதல் நிலைக் கடைவாய்ப்பல் எந்தப் பல்லும் விழாமலே, வரிசையின் கடைசியில் சத்தமில்லாமல் வந்து நிற்கும். எதுவும் விழவில்லையே, இதுவும் பால்பல்தான் என்று நினைத்துக் கவனிக்காமல் விடுகிறார்கள். ஆயுளுக்கும் மெல்ல வேண்டிய பல் அது. அது முளைக்கும்போது வாய் எப்படி இருக்கிறது என்பதைத் தீர்மானிப்பது மூன்று, நான்கு, ஐந்து வயதுகளில் ஏற்பட்ட பழக்கம். பால்வாடி வயது என்று நாம் சொல்கிற அதே வயது.

பல் எப்படி அரிக்கிறது? எனாமல் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து இறுகிய படிகம். உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். அதன் மேல் எந்நேரமும் மெல்லிய படலமாகக் கிருமிகள் ஒட்டியிருக்கும். அவற்றில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்றவை சர்க்கரையைத் தின்று அமிலத்தை விடுகின்றன. 1940களில் ராபர்ட் ஸ்டீஃபன் என்ற அமெரிக்க ஆய்வாளர், குளுக்கோஸ் கரைசலால் வாய் கொப்பளித்தவர்களின் பல் படலத்தில் அமில அளவை அளந்து பார்த்தார். சில நிமிடங்களுக்குள் அது எனாமல் கரையத் தொடங்கும் அளவுக்குப் போய்விட்டது; அதாவது பி.எச். 5.5க்குக் கீழே. பழைய நிலைக்குத் திரும்ப அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடித்தது. அந்த நேரம் முழுக்கப் பல்லிலிருந்து கால்சியம் கசிகிறது. அமிலம் தணிந்ததும் எச்சிலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் திரும்பப் பல்லுக்குள் போய்ச் சேர்கின்றன. நாள் முழுக்க இப்படிப் போவதும் வருவதுமாக இருக்கிறது. போவது வருவதைவிட அதிகமானால் சொத்தை.

பால்பல்லின் எனாமல் நிலைப்பல்லினுடையதில் ஏறக்குறையப் பாதித் தடிமன்தான். பெரியவர்களுக்கு வருடக்கணக்கில் ஆகிற அரிப்பு குழந்தைக்குச் சில மாதங்களில் நரம்பு வரை போய்விடுவது அதனால்தான்.

ஸ்டீஃபன் கண்டதை வைத்து நம் பிள்ளையின் ஒரு நாளைப் பார்ப்போம். எழுந்ததும் சர்க்கரை போட்ட பால். சற்று நேரத்தில் தாத்தாவின் டீயில் தொட்ட பிஸ்கட். பத்து மணிக்குப் பெட்டிக்கடை மிட்டாய். மதியச் சோறு. தூங்கி எழுந்ததும் ரஸ்க். சாயங்காலம் அத்தை வாங்கி வந்த கேக். ஏழு மணிக்கு அடம்பிடித்ததற்கு ஒரு சாக்லேட். ராத்திரிச் சாப்பாடு. படுக்கும்போது பால் புட்டி. எண்ணிப் பார்த்தால் ஒன்பது முறை அமிலம். ஒவ்வொன்றுக்கும் அரை மணியோ ஒரு மணியோ. எச்சில் பழுதுபார்க்கக் கிடைக்கிற நேரம் எவ்வளவு என்று பாருங்கள். அதே இனிப்பை மூன்று வேளைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்திருந்தால் அமிலம் நான்கைந்து முறையோடு நின்றிருக்கும். எவ்வளவு இனிப்பு என்பதும் முக்கியம்தான். எத்தனை தடவை என்பது அதைவிட முக்கியம்.

இது உறுதிப்பட்டது ஒரு கசப்பான ஆய்வில். ஸ்வீடனின் லுண்ட் நகரில் விப்பேஹோல்ம் என்ற காப்பகத்தில், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு 1940களின் பிற்பகுதியிலிருந்து 1950களின் தொடக்கம் வரை விதவிதமாக இனிப்புக் கொடுத்து, பல் அரிப்பதை அளந்தார்கள். சம்மதம் சொல்லவோ மறுக்கவோ முடியாத மனிதர்களின் பல்லைக் கெடுத்துப் பெற்ற அறிவு அது. இன்றைக்கு யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள், செய்யவும் கூடாது. அந்த மனிதர்கள் கொடுத்த விலையை மறக்காமல்தான் முடிவையும் படிக்க வேண்டும்: சாப்பாட்டோடு உண்ட இனிப்பு அவ்வளவாகக் கெடுக்கவில்லை, சாப்பாட்டு வேளைகளுக்கு இடையில் திரும்பத் திரும்பத் தின்ற, பல்லில் ஒட்டிக்கொள்கிற டாஃபி மோசமாகக் கெடுத்தது.

ஸ்வீடன் அதிலிருந்து ஒரு வழக்கத்தை உண்டாக்கிக்கொண்டது. குழந்தைகளுக்கு மிட்டாய் சனிக்கிழமை மட்டும். இன்றும் அங்கே அது வீட்டு வழக்கமாக இருக்கிறது. பொன்மலைக்கு இதற்கு வெளிநாட்டு முன்மாதிரியே தேவையில்லை, ஊரிலேயே ஞாயிற்றுக்கிழமைச் சந்தை இருக்கிறது. காய்கறி வாங்கப் போகிற கையோடு பிள்ளைக்கும் ஏதாவது பண்டம் வாங்குவது எல்லா வீட்டிலும் உண்டு. அதை வைத்தே விதியை எழுதிவிடலாம். மிட்டாய் என்றால் சந்தை நாள். தின்பது மதியச் சோறு முடிந்த கையோடு. மற்ற ஆறு நாளும் கடலை, பொரி, கொய்யா, வாழைப்பழம். மூன்று வயதுப் பிள்ளைக்கு “மிட்டாயே கூடாது” என்பது புரியாது. “சந்தைக்குப் போறப்ப” என்பது புரியும். தாத்தா பாட்டிகளுக்கும் இந்த விதி மனக்கஷ்டம் தராது, வாங்கிக் கொடுக்கிற சந்தோஷம் அவர்களிடமிருந்து பறிபோவதில்லை.

இரவு தனிக் கதை. தூக்கத்தில் எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்கும் குழந்தைக்குப் பால் மேல்வரிசை முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கிறது. சர்க்கரை கலந்த பாலாக இருந்தால் கேட்கவே வேண்டாம். கீழ்வரிசை முன்பற்களை நாக்கு மூடிக் காக்கிறது. நாக்கடி எச்சில் சுரப்பிகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. அதனால் மேலே நான்கு பல்லும் பழுப்பாகிக் கரைந்திருக்க, கீழே பளிச்சென்று இருக்கும். இந்த அடையாளத்தைக் கண்டாலே இது புட்டியால் வந்தது என்று பல் மருத்துவர்கள் ஊகித்துவிடுவார்கள். ஒரு வயதுக்குள் புட்டியை நிறுத்தி டம்ளருக்கு மாற்றுவதும், பல் முளைத்தது முதல் அதுவரை, படுக்கையில் வைக்கும் புட்டியில் பாலுக்குப் பதில் வெறும் தண்ணீர் கொடுப்பதும் போதும். தாய்ப்பாலை இதற்காக யாரும் குறைக்க வேண்டாம். பல் முளைத்த பிறகு படுக்குமுன் பல்லைச் சுத்தம் செய்துவிட்டால் போதும். காய்ச்சலுக்கும் இருமலுக்கும் கொடுக்கிற சிரப் மருந்துகள் பலவற்றில் சர்க்கரை இருக்கிறது. இரவு மருந்து கொடுத்ததும் இரண்டு வாய் தண்ணீர் குடிக்க வையுங்கள்.

கிருமி குழந்தையின் வாய்க்கு எங்கிருந்து வருகிறது? பிறக்கும்போது மியூட்டன்ஸ் கிருமி வாயில் இருப்பதில்லை. பெரும்பாலும் அம்மாவின் எச்சிலிலிருந்து, அடுத்து வீட்டிலிருக்கும் மற்றவர்களிடமிருந்து வருகிறது. அமெரிக்காவில் பேஜ் காஃபீல்ட் குழுவினர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகள் பெரும்பாலும் ஒன்றரை வயதிலிருந்து இரண்டரை வயதுக்குள் அதைப் பெற்றார்கள். கடித்துக் கொடுப்பது, நம் வாயில் வைத்து ருசி பார்த்த கரண்டியால் ஊட்டுவது இதெல்லாம் வழிதான். அதற்காக ஊட்டுகிற பாட்டியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் எனக்குச் சம்மதமில்லை. ஒரே வீட்டில் எச்சில் படாமல் யாரும் பிள்ளை வளர்த்துவிட முடியாது. அம்மா தன் சொத்தைப்பல்லை அடைத்துக்கொண்டால் அவள் வாயில் கிருமி குறையும், பிள்ளைக்குப் போவதும் குறையும். கர்ப்பக் காலத்திலேயே பல்லைக் காட்டிக்கொள்ளச் சொல்வது அதனால்தான். நம் ஊர்களில் பெண்கள் தங்கள் பல்வலியைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். அந்தத் தள்ளிப்போடலின் பலனில் ஒரு பங்கு பிள்ளையின் வாய்க்கும் போகிறது.

இனி பற்பொடி. எண்பதுகளின் திட்டத்தில் குறை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், பொடி தேய்ப்பதால் வருகிற நன்மையில் பெரும்பகுதி ஃபுளோரைடில் இருக்கிறது என்பதை அது கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. ஃபுளோரைடு பேஸ்டால் தேய்க்கும்போது, அமிலத்தில் கரைந்த எனாமலுக்குள் கால்சியம் திரும்பும் வேகம் கூடுகிறது. திரும்பிக் கட்டப்படும் படிகம் முன்னைவிட அமிலத்தைத் தாங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஃபுளோரைடு பற்பசையை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலேயே சேர்த்தது. சாம்பல், செங்கல் தூள், உமிக்கரி, உப்பு இவை அழுக்கை எடுக்கும், கூடவே எனாமலையும் சுரண்டும். அமிலத்துக்கு எதிராக எதையும் பல்லுக்குக் கொடுக்காது. புகையிலை கலந்த பற்பொடியும் பேஸ்டும் 1992இலேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டவை. பெரியவர்களுக்குப் பழக்கம் விடவில்லை என்று அந்தப் பொடி வீட்டில் இருந்தால், குழந்தையின் கைக்கு அது எட்டவே கூடாது.

அளவுதான் விஷயம். மூன்று வயது வரை அரிசி மணி அளவு பேஸ்டை பிரஷில் தடவினால் போதும். மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு. விளம்பரங்களில் பிரஷ் முழுக்க வளைந்து நிற்கிற பேஸ்ட் எந்தக் குழந்தைக்கும் தேவையில்லை. இந்தியாவில் பற்பசையில் ஃபுளோரைடு 1000 பி.பி.எம்.க்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். அந்த அளவை ஒட்டி இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். குழந்தைப் படமும் பழ வாசனையும் போட்டு விற்கும் சில பேஸ்டுகளில் ஃபுளோரைடே இருப்பதில்லை. அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

ஃபுளோரைடு என்றதும் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்துக் கறைபடிந்த பற்கள் சிலருக்கு நினைவு வரும். அது நியாயமான பயம். அங்கே நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு அதிகம். பிறந்தது முதல் நாள்தோறும் குடித்ததால் பல்லும், சிலருக்கு எலும்பும் பாதிக்கப்பட்டன. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. திருச்சி மாநகராட்சிக் குழாயில் வருவது காவிரி, கொள்ளிடப் படுகைத் தண்ணீர். ஆற்று நீரில் பொதுவாக ஃபுளோரைடு குறைவு. போர் தண்ணீரை மட்டுமே குடிக்கிற வீடுகள் ஒருமுறை சோதித்துக்கொண்டால் நிம்மதி. அரிசி மணி அளவு பேஸ்டை விழுங்கிவிட்டாலும் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது.

யார் கையால் தேய்ப்பது? இந்த இடத்தில்தான் நம் வீடுகள் அவசரப்படுகின்றன. “என் பிள்ளை மூணு வயசுலயே தானா பல் தேய்ச்சுக்கும்” என்று பெருமையாகச் சொல்வார்கள். மூன்று வயதுப் பிள்ளை பிரஷைக் கடிக்கும், பேஸ்டைச் சப்பும், முன்பல்லில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு ஓடும். மணிக்கட்டைத் திருப்பிக் கடைவாய்ப் பல்லின் உள்பக்கத்தை எட்டுகிற நுட்பம் ஏழு, எட்டு வயதில்தான் கைக்கு வருகிறது. அதுவரை ஒரு வேளையாவது பெரியவர் தேய்த்துவிட வேண்டும். காலையில் பிரஷ் குழந்தை கையில் இருக்கட்டும், இரவில் பெரியவர் கையில். குழந்தையை மடியில் தலை வைத்துப் படுக்கவைத்தால் வாய் நன்றாகத் தெரியும். அழுதாலும் திமிறினாலும் கழுத்து அசையாது. ஈறும் பல்லும் சேரும் ஓரத்தில் சின்னச் சின்ன வட்டமாக, கடைசிப் பல் வரை இரண்டு நிமிடம். முடிந்ததும் நுரையைத் துப்பச் சொல்லுங்கள். தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃபுளோரைடும் போய்விடும். அதற்குப் பிறகு தண்ணீர் தவிர வாய்க்குள் எதுவும் போகக் கூடாது.

நம் வீடுகளில் காலையில் பல் தேய்க்காமல் காபி குடிப்பதை இழுக்காக நினைக்கிறோம். இரவில் தேய்க்காமல் படுப்பதை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பல்லைக் காப்பதில் இரவுக்குத்தான் முதலிடம். ஒரு வேளைதான் முடியும் என்றால் அது இரவாக இருக்கட்டும்.

அப்படியானால் குழந்தைக்கு என்ன கற்றுக்கொடுப்பது, எப்படி? நாலு வயதுப் பிள்ளையிடம் “பத்து வருஷம் கழிச்சு பல்லு கெட்டுரும்” என்பதில் பொருளில்லை. அதற்கு நாளையே தூரம். “தேய்க்கலைன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் ஊசி போட்டுருவேன்” என்பது அதைவிட மோசம். உதவி செய்ய வேண்டியவரைப் பூச்சாண்டி ஆக்கிவிட்டு, பிறகு வலி வந்த நாளில் வாயைத் திற என்றால் எப்படித் திறக்கும்? முதல் பிறந்தநாளை ஒட்டி, வலி எதுவும் இல்லாதபோதே ஒருமுறை பல் மருத்துவரிடம் போய்வருவது இதற்காகத்தான்.

குழந்தைப் பல் மருத்துவத்தில் 1959இல் ஹாரி அடல்ஸ்டன் எழுதிவைத்த முறை ஒன்று உண்டு. முதலில் சொல்வது, அடுத்து காட்டுவது, பிறகு செய்வது. பொம்மையின் பல்லைத் தேய்த்துக் காட்டு, அப்பா தன் பல்லைத் தேய்த்துக் காட்டட்டும், அப்புறம் குழந்தையின் வாய்க்குப் போ. இந்த வயது பார்த்துச் செய்கிற வயது. வீட்டில் யாருமே இரவில் பல் தேய்க்காமல், பிள்ளையை மட்டும் குளியலறைக்கு விரட்டினால் அது தண்டனையாகத் தெரியும். குடும்பமே பிரஷோடு நின்றால் தானும் வந்து இடித்துக்கொண்டு நிற்கும். படலம் கண்ணுக்குத் தெரியாததால்தான் தேய்ப்பதன் பலன் பிள்ளைக்குத் தெரிவதில்லை. ஒரு துண்டு பீட்ரூட்டை மென்று துப்பச் சொல்லிக் கண்ணாடியில் காட்டுங்கள். படலம் இருக்குமிடம் சிவந்திருக்கும். சிவப்பு போகும்வரை தேய்க்கிற விளையாட்டில் எந்தப் பிள்ளையும் சலிக்காது. ஒழுங்காகத் தேய்த்ததற்குப் பரிசாகச் சாக்லேட் கொடுப்பதை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

பழக்கம் நிலைக்க ஒரு நேரக்குறி வேண்டும். லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பின்தொடர்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதுச் செயல் யோசிக்காமலே செய்கிற பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 250 நாளுக்கும் மேல். பங்கேற்றவர்கள் பெரியவர்கள். ஆனாலும், தினமும் நடக்கிற ஒன்றோடு புதுச் செயலை முடிச்சுப் போட வேண்டும் என்ற அதன் அடிப்படை குழந்தைக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். பொன்மலைக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1928இல் ரயில்வே பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்தது. பணிமனைச் சங்கைக் கேட்டு எழுந்து, சங்கைக் கேட்டு வேலைக்குப் போய், நாளை வகுத்துக்கொண்ட தலைமுறைகள் இந்தக் குடியிருப்புகளில் வளர்ந்தவை. ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவியதும் பிரஷ் என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்தில் பிள்ளையே நினைவுபடுத்தும்.

வீட்டை மட்டும் நம்பி இதை விட்டுவிட முடியாது. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய், இருட்டியபின் வந்து, ஒரே அறையில் சமைத்துத் தூங்குகிற வீடுகள் பொன்மலைப்பட்டியிலும் உண்டு, மற்ற ஊர்களிலும் உண்டு. சொத்தைப்பல் அதிகம் தாக்குவதும் அந்த வீட்டுப் பிள்ளைகளைத்தான். ஸ்காட்லாந்து இதைப் புரிந்துகொண்டு, சைல்ட்ஸ்மைல் என்ற திட்டத்தில் பாலர் பள்ளிகளிலேயே தினமும் எல்லாக் குழந்தைகளையும் சேர்ந்து ஃபுளோரைடு பேஸ்டால் பல் தேய்க்க வைத்தது. ஐந்து வயதை ஒட்டிய பிள்ளைகளில் சொத்தை தென்படாதவர்கள் 2003இல் 45 சதவீதம். 2018இல் 71 சதவீதம். 2001க்கும் 2010க்கும் இடையில் ஐந்து வயதுக் குழந்தைகளின் பல் சிகிச்சைச் செலவே பாதிக்கும் கீழே இறங்கியது. குளிர்நாட்டுக் கதை நமக்கு ஆகுமா என்பவர்களுக்குப் பிலிப்பைன்ஸ் இருக்கிறது. அங்கே அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் பகல் காப்பகங்களிலும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, கூட்டமாகப் பல் தேய்ப்பது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மாத்திரை ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கட்டினார்கள். வாஷ்பேசின் இல்லாத பள்ளிகளில் ஒரு குழாயில் வரிசையாகத் துளை போட்டு, ஒரே நேரத்தில் பல பிள்ளைகள் நிற்கும்படி செய்துகொண்டார்கள்.

பொன்மலை அங்கன்வாடி ஒன்றில் 25 குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம். பட்டாணி அளவு பேஸ்ட் என்பது சுமார் கால் கிராம். நாளைக்கு ஆறேகால் கிராம். வருடத்தில் 240 நாள் என்றால் ஒன்றரைக் கிலோ, அதாவது 100 கிராம் டியூப் பதினைந்து. மூன்று மாதத்துக்கு ஒரு பிரஷ் வீதம் வருடத்துக்கு நூறு சின்ன பிரஷ். ஒரு மையத்துக்கு ஒரு வருடச் செலவு இவ்வளவுதான். மதியச் சாப்பாடு முடிந்து பாய் விரிப்பதற்கு முன் இரண்டு நிமிடம், வட்டமாக உட்கார்ந்து, ஒரு பாட்டு முடியும்வரை. பிரஷில் பெயருக்குப் பதில் படம் ஒட்டிவிட்டால் பிள்ளையே தன்னுடையதை எடுக்கும். ஒன்றோடொன்று உரசாமல் நிறுத்திவைக்க ஒரு தாங்கி வேண்டும். டியூபின் வாய் எந்த பிரஷிலும் படக் கூடாது; ஒரு தட்டின் ஓரத்தில் தனித்தனியாகப் பேஸ்டை வைத்து, பிள்ளைகள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். துப்ப ஒரு வாளி போதும்.

எடை பார்ப்பது, பதிவேடு, செயலியில் ஏற்றுவது, வீடு வீடாகப் போவது என்று அங்கன்வாடிப் பணியாளர்கள் ஏற்கெனவே மூச்சு முட்ட வேலை பார்க்கிறார்கள். இதையும் அவர்கள் தலையில் இறக்கிவிட்டு, அதற்கும் ஒரு பதிவேடு போடச் சொன்னால் திட்டம் ஒரே மாதத்தில் காகிதமாகிவிடும். பேஸ்டும் பிரஷும் தவறாமல் வர வேண்டும், ஒரு நாள் பயிற்சி வேண்டும், பதிவேடு வேண்டாம். கைகழுவச் சொல்லிக் கொடுத்து வழக்கமாக்கியவர்கள் அந்த டீச்சர்களும் ஆயாக்களும்தான். அவர்கள் சொன்னால் பிள்ளை கேட்கும். அம்மா சொன்னால் “டீச்சர் அப்படிச் சொல்லலை” என்று திருத்தும்.

ஏற்கெனவே இருக்கிற உரிமைகளையும் கேட்டுப் பெற வேண்டும். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். அவர்கள் பார்க்க வேண்டியவற்றின் பட்டியலில் பல்லும் இருக்கிறது. எடையும் உயரமும் பார்த்து முடித்ததும், “பல்லையும் பாத்துச் சொல்லுங்க சார்” என்று பெற்றோர் கேட்கலாம். சொத்தை தொடங்கிவிட்ட பால்பல்லுக்கு எந்திரம் வைத்துக் குடையாமலே, சில்வர் டையமீன் ஃபுளோரைடு என்ற திரவத்தைத் தடவி அரிப்பை நிறுத்தும் முறை இப்போது இருக்கிறது. தடவிய இடம் கறுத்துப்போகும். ஆனால் பிள்ளை அழாது, பல் தங்கும். திருச்சியில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. புதுக்கோட்டையில் 2023இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்திருக்கிறது. அங்கே படிக்கும் மாணவர்களை மாதம் ஒருமுறை அங்கன்வாடிகளுக்கு அனுப்புவது நடக்கக்கூடிய காரியம்.

1994இல் பொன்மலை நகராட்சி திருச்சி மாநகராட்சியோடு இணைந்தது. அந்த மாநகராட்சி நினைத்தால் பொன்மலைப் பகுதி அங்கன்வாடிகளில் ஒரு வருடம் இதைச் செய்து பார்க்கலாம். தொடக்கத்திலும் முடிவிலும் பிள்ளைகளின் பல்லை எண்ணிப் பார்த்தால் பலன் தெரிந்துவிடும். சத்துணவுக்குப் பாப்பாக்குறிச்சி முதல் ஊராக இருந்ததுபோல இதற்குப் பொன்மலை இருக்கட்டும் என்று வார்டு உறுப்பினர்களிடமும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர்களிடமும் நாம் கேட்க வேண்டும்.

அதற்குக் காத்திருக்காமல் இன்றிரவே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சாப்பாடு முடிந்ததும் பிள்ளையை மடியில் கிடத்தி, மேல் உதட்டைத் தூக்கி, நல்ல வெளிச்சத்தில் முன்பற்களைப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தடவினாற்போல வெள்ளைக் கோடு தெரிந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த நிலையில் இருப்பதைத் துளை போடாமலே திருப்ப முடியும். பழுப்பாகிவிட்டால் திருப்ப முடியாது. வெள்ளைக் கோடோ பழுப்போ இருந்தால் இந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். எப்படியிருந்தாலும் அரிசி மணி அளவோ பட்டாணி அளவோ பேஸ்டை எடுத்து, பல்லைத் தேய்த்துவிட்டுத் தூங்க வையுங்கள்.